கரடி வீட்டில் நாலு பல் பிரஷ்

பிள்ளைகளே, சின்ன வயதில் நான் உங்களுக்குப் படித்துக் காட்டிய இங்கிலீஷ் கதை, அந்தப் புத்தகத்தில் இருந்த கதையே இல்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். டெலிவரி நோட்டைத் தாண்டி எனக்கு இங்கிலீஷ் வராது. படத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அப்போது நாம் ஷார்ஜாவில், ரோலா என்ற பகுதியில் இருந்தோம். அக்காவுக்கு ஆறு வயது, தம்பிக்கு நாலு. நான் வேன் ஓட்டினேன். பழைய புத்தகக் கடையில் வாங்கியது அது. படம் போட்டவர் யாரோ இங்கிலாந்துக்காரர். ஒரு பக்கத்தில் கரடி ஒன்று ஹாலில், கணப்புக்கு முன்னால், தகரத் தொட்டியில் உட்கார்ந்து குளிக்கும். தலையில் தொப்பி.

“ஹால்ல ஏன்ப்பா குளிக்குது?” என்றான் தம்பி.

“பேச்சிலர் ரூம்டா, பத்துப் பேர் சேந்து இருக்குறது. பாத்ரூம்ல ஆள் இருக்கு. டூட்டிக்கு நேரமாச்சு.”

“தொப்பி?”

“கழட்டி வச்சா வேற ஆள் போட்டுட்டுப் போயிருவான்.”

இன்னொரு பக்கத்தில் ஒரு நரியின் கோட்டில் சங்கிலிக் கடிகாரம் தொங்கியது. அதனால் அதை போர்மேன் ஆக்கினேன். அது “யல்லா, யல்லா” என்று விரட்டும்போது தம்பி உருண்டு சிரிப்பான்.

அக்கா பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டப் பழகியதும் பயந்தேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்று அவளுக்குத் தெரிந்துவிடுமே. ஒரு வெள்ளிக்கிழமை, கரடி குளிக்கும் பக்கத்தில் அவளே வரியில் விரல் வைத்தாள்.

“அப்பா, கரடி அலோனா இருக்குன்னு போட்டிருக்கு. அலோன்னா தனியா. பேச்சிலர் ரூம்னு எங்கயுமே இல்ல. பொய் சொல்றீங்க.”

அடுப்படியில் உங்கள் அம்மா சிரிப்பது கேட்டது. நான் படத்தையே பார்த்தேன்.

“தனியா இருக்குற ஆளுக்கு எதுக்கும்மா நாலு பல் பிரஷ்?”

அவள் குனிந்தாள். படத்தில் இருந்த டம்ளரில் ஒரு பெரிய பிரஷ், மூன்று குட்டி பிரஷ். தம்பி செருப்புக்குள் ஒரு எலியைக் கண்டுபிடித்தான். திரைக்குப் பின்னால் இன்னும் இரண்டு எலிகள், தோளில் துண்டோடு, குளிக்க முறைக்கு நின்றன. எழுதியவர் ஒன்றைச் சொல்ல, படம் போட்டவர் குறும்பாக வேறொன்றைப் போட்டு வைத்திருந்தார்.

“அப்ப எழுதுனவர்தான் பொய்யா?”

“அவருக்கே தெரியாதும்மா. கரடி அவர்கிட்ட சொல்லாம ரூம்ல ஆள் சேத்திருக்கு.”

சிரித்து முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். “உங்களுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதாப்பா?”

“தெரியாது. நீ எழுத்தப் படி, நான் படத்தப் படிக்கிறேன்.”

அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். “சரி. ஆனா நரி போர்மேன்தான்.”

மறுநாள் சரக்கு இறக்க முறை வரும்வரை வேனில் தனியாக இருந்தேன். வீட்டிலிருந்து புத்தகத்தைக் கொண்டுபோயிருந்தேன். அவள் இன்னும் படிக்காத ஒரு பக்கத்தைத் திறந்து, முதல் வரியை எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் அதன் உச்சரிப்பைப் பென்சிலால் தமிழில் எழுதினேன். ரெண்டு தடவை வாய்விட்டுப் படித்தேன். பிறகு அவள் கண்ணில் படாதபடி ரப்பரால் அழித்து, தூளை ஊதிவிட்டேன்.