பெரியவள் எது, சின்னவள் எது

“ஏய், அம்மா முதல்ல சாப்பிடட்டும்டி. உனக்கு என்ன அப்படி அவசரம்?” என்று கம்பிக்குள் அதட்டியபடியே வாளியிலிருந்து வாழைப்பழத்தை எடுத்து நசுக்குகிறார் கரடியக்கா. உள்ளே இரண்டு பெண் கரடிகள். பெரியவள் அம்மா, வயது இருபத்தாறு, பல்லெல்லாம் தேய்ந்துபோய்விட்டது. சின்னவள் அவள் மகள். மிருகக்காட்சிசாலையில் இருபது வருடமாக இவற்றைப் பார்த்துக்கொள்ளும் இந்த அம்மாளுக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருக்கிறதுதான். ஆனால் வீட்டுக்காரரே போனில் ‘கரடியக்கா’ என்றுதான் பதிந்து வைத்திருக்கிறார்.

அக்காவுக்கு ஒரு கர்வம் உண்டு. அரை மைல் தள்ளி நின்றாலும், நடையைப் பார்த்தே பெரியவள் எது, சின்னவள் எது என்று சொல்லிவிடுவார். முதுகைத் திருப்பிக்கொண்டு மூச்சுச் சத்தத்திலேயே சொல்வதும் உண்டு. யாராவது, “எப்படிக்கா கண்டுபிடிக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டால் போதும். “உங்க அம்மாவை நீங்க நம்பர் பார்த்தா கண்டுபிடிக்கிறீங்க?” என்று ஒரு போடு போடுவார். கேட்டவர் குரங்குப் பக்கம் போய்விடுவார்.

இந்த வருடத்துப் பட்டியலை அலுவலகப் பலகையில் ஒட்டினார்கள். மான் குட்டி இரண்டு பிறப்பு, கிழட்டு முதலை ஒன்று இறப்பு, ஓநாய் ஜோடி வருகை, கரடி ஒன்று இடமாற்றம். வேறொரு காட்சிசாலையில் தனியாக இருக்கும் ஆண் கரடிக்குத் துணையாகச் சின்னவள் போகிறாள். அக்கா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாளே சம்பந்தம் பேசுகிறவர் மாதிரி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். “மாப்பிள்ளை கடிப்பானா? நிழல் இருக்கா? குளம் இருக்கா?” ஒரு மாதம் பயணக் கூண்டுக்குள்ளேயே சாப்பாடு வைத்து அவளைப் பழக்கினதும் அவர்தான்.

லாரி வந்து நின்ற காலையில் சின்னவள் சமர்த்தாகக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தாள். புதிதாக வந்திருந்த டாக்டரம்மா அவள் தோளருகே கருவியை வைத்தார். தோலுக்கடியில் அரிசி அளவில் ஒரு சில்லு. அதிலிருக்கும் எண்ணைக் கருவி காட்டும். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார், மறுபடி வைத்தார்.

“அக்கா, இது பெரியவ நம்பர்.”

“உங்க மிஷினுக்குக் கண் தெரியலை போலிருக்கு” என்று சிரித்தார் அக்கா. மூன்றாம் தடவையும் அதே எண். கம்பி வழியாகப் பெரியவளைச் சோதித்தால், அவளிடம் சின்னவள் எண். அக்கா கூண்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

எட்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது அது. ஒரே நாளில் இரண்டுக்கும் மயக்க ஊசி, இரண்டுக்கும் சில்லு. கண்ணைத் துணியால் மூடி, வாயில் குழாய் சொருகிக் கிடத்தியிருந்தார்கள். “எதும்மா பெரியவ?” என்று கேட்டார் அப்போதைய டாக்டர். மகள் அம்மா அளவுக்கே வளர்ந்திருந்தாள். தூங்குகிற கரடிக்கு நடை ஏது? மூச்சும் மருந்தில் ஒரே மாதிரி இழுத்தது. அக்காவுக்குத் தெரியவில்லை. ஆனால் பத்துப் பேர் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது ‘தெரியலை’ என்று எப்படிச் சொல்வது? “இதுதான்” என்று ஒன்றைக் கை காட்டினார். வீடு போய்ச் சேர்வதற்குள் தான் சொன்னதுதான் சரி என்று அவரே நம்பியும் விட்டார்.

காட்சிசாலை அதிகாரி வந்து சட்டம் பேசினார். “அனுமதி இந்த நம்பருக்குத்தான். நம்பர் எந்தக் கரடிகிட்ட இருக்கோ அது போகட்டும்.”

“ஐயோ சார், அது கிழவி! ரெண்டு நாள் லாரியில தாங்காது, செத்தே போயிடும்!” அக்கா கத்தின கத்தலில் லாரிக்காரர் இறங்கி ஓடிவந்தார். அக்கா பெரியவளை வாய் திறக்க வைத்துத் தேய்ந்த பல்லைக் காட்டினார். டாக்டரம்மா தலையாட்டினார்.

“அப்போ நம்பர் எப்படி மாறிச்சுன்னு யாராவது எழுதிக் கொடுங்க. இல்லேன்னா நான் லாரியை நிறுத்த முடியாது” என்றார் அதிகாரி.

டாக்டரம்மா அக்காவின் காதருகே குனிந்தார். “பழைய டாக்டர் போட்ட தப்புன்னு எழுதிடலாம்கா. அவர்தான் இப்ப இல்லையே. யார் கேட்கப் போறா?”

அக்கா அந்த மனிதரின் சாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தவர். “அவர் என்னை நம்பித்தாம்மா கேட்டார். தெரியும்னு நான்தான் பொய் சொன்னேன்” என்றார். அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். படித்த அதிகாரி, “இருபது வருஷம் வேலை பார்த்தவங்க நீங்க!” என்றார், அவருக்கே தூக்கிவாரிப் போட்டது போல. விசாரணை உண்டு என்றும் சொன்னார். லாரி காலியாகத் திரும்பியது. திங்கட்கிழமை இரண்டுக்கும் மறுபடி மயக்க ஊசி, புதுச் சில்லு. அதற்குப் பிறகு சின்னவள் கிளம்ப வேண்டும்.

“சரி, அன்னைக்கு ரெண்டும் வாயில குழாயோட தூங்கறப்போ எது எதுன்னு யார் சொல்றது?” என்று கேட்டார் அதிகாரி. எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, சொல்லி வைத்தாற்போல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அக்கா நுழைவுச்சீட்டு கொடுக்கும் பெண்ணிடம் போய்ச் சிவப்பு நகப்பூச்சு பாட்டிலை வாங்கி வந்தார். கம்பியருகே சம்மணம் போட்டு உட்கார்ந்து, “கையைக் குடும்மா” என்றார். பெரியவள் நீட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கறுத்த நீள நகங்களுக்கு ஒவ்வொன்றாகச் சிவப்புப் பூச ஆரம்பித்தார்.