சாயம் படாத பக்கம்

ஆரணியில் நான் நூலகராக இருந்தபோது, சாயப்பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் ஒருவர் மாலை வேளைகளில் வருவார். ஐம்பது வயதிருக்கும். ஒடிசலான உடம்பு, கழுவினாலும் போகாத அரக்குச் சிவப்பில் விரல்கள். முதல் தடவை அவர் திருப்பித் தந்த புத்தகம் முழுக்கச் சிவப்பு ரேகைகள். எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டேன். அதன்பிறகு கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டுதான் புத்தகத்தையே தொடுவார். அதைப் பார்த்தும், "பரவாயில்லை, கழற்றுங்கள்" என்று நான் சொல்லவில்லை.

பிறகு ஒரே நாவலைத் திரும்பத் திரும்ப எடுத்துப்போக ஆரம்பித்தார்.

"வேற எதுவும் புடிக்கலையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இதுல ஒருத்தன் காட்டுல தனியா கீறான் சார். மழை ஊத்திகினே இருக்குது. யாரோ ஒரு பொம்பள தெனம் அவன் குடிசை வாசல்ல கஞ்சி வச்சிட்டுப் போவுது. அந்த எடம் வந்தா நானே சாப்ட்ட மாதிரி இருக்குதுங்க."

உங்களுக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அப்போதும் நான் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து, அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் அந்த நாவலைக் கொண்டுவந்தார்.

"தனியாத்தாங்க இருந்தாரு. செத்து ரெண்டு நாள் கழிச்சுத்தான் எங்களுக்கே தெரிஞ்சுது."

வீட்டுக்காரர் கிளம்பியதும் கஞ்சி வரும் பக்கத்தைத் தேடி எடுத்தேன். அத்தனை முறை படித்த பக்கத்தில் ஒரு விரல் தடமாவது இருக்கும் என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

ஒரு புள்ளி சிவப்புகூட இல்லை.