ஓரக்கண்ணால் பார்த்த குரங்கு

எழுபதுகளின் கடைசியில் என் கணவருக்குப் பார்வை குறையத் தொடங்கியது. ஆரணியில் பட்டு நெய்துகொண்டிருந்தார். வயது முப்பதைத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். தறியில் அறுந்த இழையை நேராகப் பார்த்தால் மறைந்துவிடுகிறது, தலையைத் திருப்பினால்தான் தெரிகிறது என்றார். என்னோடு பேசும்போதும் என் காதைப் பார்த்தே பேசுவார். முகம் கொடுத்துப் பேசவில்லை என்று முதலில் எனக்குக் கோபம்கூட வந்தது.

மெட்ராசில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். விழித்திரையின் நடுப்பகுதி கொஞ்சம் கொஞ்சமாக அழிந்து வருகிறது, மருந்து கிடையாது என்றார் டாக்டரம்மா.

"எலி, நாயை வெச்சு இதை ஆராய முடியாது. அதுங்களுக்கு நம்ம மாதிரி நடுப்பகுதி கிடையாது. குரங்குக்குத்தான் இருக்கு. இதே நோய் இருக்கற குரங்கு கெடைச்சா நெறைய தெரிஞ்சுக்கலாம்."

என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க தெருவுல ஒண்ணு கீதுங்க."

எதைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே புரிந்தது. எங்கள் ஓட்டுக்கூரைக்கு வரும் ஒரு பெட்டைக் குரங்கு. வேர்க்கடலை போட்டால் தலையைச் சாய்த்து ஓரமாகப் பார்க்கும், பிறகு கையால் தடவி எடுக்கும். அதற்குள் மற்றவை பிடுங்கிக்கொள்ளும். "என்னாட்டமே பாக்குது பாரு" என்று இவர் கடலையை அதன் கையிலேயே வைப்பார். வேறு யாரிடமும் அது அப்படி வாங்கியதில்லை.

அடுத்த மாதமே ஆஸ்பத்திரி ஆட்கள் வேனில் ஒரு கூண்டை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அது கிட்டே வரவில்லை. கடைசியில் இவரே கூண்டுக்குப் பக்கத்தில் குந்தி, கடலையை நீட்டிக் கூப்பிட்டார். வந்தது. கதவு விழுந்ததும் கூரையெல்லாம் குரங்குகள் கத்தின.

"அதுக்கு வலிக்குமாங்க?" என்று வந்தவர்களைக் கேட்டார்.

"நல்லாப் பாத்துக்குவோம்."

அதன்பின் மெட்ராசுக்குப் போகும்போதெல்லாம் தன் கண்ணைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் குரங்கைப் பற்றித்தான் கேட்பார். ஒருமுறை டாக்டரம்மா உள்ளே கூட்டிப் போனார். கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது, இவர் குரல் கேட்டதும் தலையைத் திருப்பியது. இவரும் தலையைத் திருப்பித்தான் அதைப் பார்த்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

சில வருடங்கள் கழித்து, அது இறந்துவிட்டது என்றார் டாக்டரம்மா. கண்ணை எடுத்து ஆராய்ந்தார்களாம்.

"உங்க கண்ணுக்குள்ள என்ன நடக்குதுன்னு அதை வெச்சுத்தான் கொஞ்சம் புரிஞ்சுது."

"மருந்துங்க?"

"இன்னும் இல்லப்பா. நம்ம காலத்துல வருமான்னு சொல்ல முடியல."

திரும்பி வரும் பஸ்ஸில் செய்யார் தாண்டியதும், "நான் கூப்புட்டேன்னுதானே வந்துச்சு" என்றார்.

"நாலு பேருக்கு நல்லது நடக்கட்டும்னுதானே செஞ்சீங்க?"

"இல்ல. எனக்குக் கண்ணு வரும்னு செஞ்சேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுவில் தறியை விட்டுவிட்டார். தடவிப் பார்த்தே நூல் சுற்றக் கற்றுக்கொண்டார். அந்த வருடம் மெட்ராசுக்குப் போக நான் துணிகளைப் பையில் எடுத்து வைத்தபோது, "வேணாம், வுட்டுடு" என்றார். நானும் வற்புறுத்தவில்லை. துணிகளை மறுபடி பெட்டியில் அடுக்கிவிட்டு, அவருக்குச் சோறு போட்டேன்.