ஊரைச் சுற்றிக் காட்ட வாய் வேண்டும்

ஊர் சுற்றிக் காட்டுகிற வேலைக்குக் கால் பாதி, வாய் பாதி. எனக்குக் கால் மட்டும்தான் இருந்தது. ரெண்டு கிலோ சின்ன வெங்காயத்தை முன்னால் கொட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். நாலு உரிக்கிறது, கையைத் துடைக்கிறது, ரெண்டு வரி எழுதுறது. நோட்டெல்லாம் வெங்காய வாசம்.

ராஜபாளையத்தில் நாலு அறை உள்ள சின்ன விடுதி இது. சமையலுக்கு ஒத்தாசையாக வந்து சேர்ந்தேன். அதற்கு முன்னால் மில்லில் நைட் ஷிப்ட். வீட்டுக்காரர் லாரியோடு போயிருவார். மூணு வயசு மக பக்கத்து வீட்டில் தூங்குவா. காலையில் தூக்கப் போனால் என்னிடம் வர யோசிப்பா. அது தாங்காமல்தான் மில்லை விட்டேன். விடுதிக்கார அக்கா ஒரு நாள் கூப்பிட்டு, "ஏட்டி ஸ்டெல்லா, சமையலுக்கு ரெண்டு ஆள் எனக்குக் கட்டுப்படியாகல. விடுதிக்கு வாரவியளுக்கு ஊரச் சுத்திக் காட்டு. ஒரு மாசம் பாப்பேன். சரிவரலேன்னா நின்னுக்க" என்றாங்க. நின்னால் மறுபடி மில்லு, மறுபடி பக்கத்து வீடு. புது ஆள் முகத்தைப் பார்த்தாலே கதவுக்குப் பின்னால் ஒளியுறவங்க உங்களிலும் இருப்பாங்க. அவங்களுக்குத்தான் என் பாடு புரியும்.

பத்து விரலும் ஒரு விரலும்

முதலில் வந்தது கோயம்புத்தூர்க்காரங்க, புருஷனும் பொண்டாட்டியும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய் ஆண்டாள் கோயில் கோபுரத்துக்கு முன்னால் இறக்கினேன். பதினொரு நிலை, பதினொரு நிலை என்று வழியெல்லாம் மனசுக்குள்ளே சொல்லிக்கொண்டுதான் வந்தேன். அந்த அம்மா "எத்தனை நிலைம்மா?" என்று கேட்டாங்க. ரெண்டு கையையும் விரித்துப் பத்து விரலைக் காட்டினேன். பொறவு ஒரு விரல்.

தெப்பக்குளத்திலும் கையை நீட்டினதோடு சரி, அவங்களே பார்த்துக்கிட்டாங்க. திரும்பி வந்ததும் அந்த அம்மா அக்காவைத் தனியாகக் கூப்பிட்டாங்க. எனக்குக் காதும் கேட்காது என்று நினைத்திருப்பாங்க போல, சத்தமாகவே சொன்னாங்க: "வாய் பேச முடியாத பொண்ணுக்கு வேலை குடுத்திருக்கீங்க. உங்களுக்குப் புண்ணியம்."

குட்டி வாங்க வரவில்லை

அடுத்து, பெங்களூரில் வீடு கட்டப் படம் போடுகிற ஒரு அம்மா. ராஜபாளையத்துப் பழைய தெரு ஒன்றில் ஒரு வாசக்கதவைப் பார்த்ததும் அப்படியே நின்னுட்டாங்க. தேக்கில் கிளியும் தாமரையும் செதுக்கி, பித்தளைக் குமிழ் வைத்த கதவு. அந்தத் தெருவில் நான் ஆறு வருசமாக நடக்கிறேன். ஒரு நாள் ஏறிட்டுப் பார்த்ததில்லை. படம் எடுக்க வீட்டில் கேளு என்றாங்க. நான் கேட்கவா? தெருவில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே நாய் குரைக்க, வீட்டம்மா எட்டிப் பார்த்தாங்க. வெளியூர் ஆள் காமிராவோடு வந்து நின்றால் ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கத்தான் என்பது எங்க ஊர் கணக்கு. "குட்டி இல்லம்மா, அம்புட்டும் போயிருச்சு, அடுத்த ஈத்துக்கு வாங்க" என்று கதவைச் சாத்தப் போனாங்க. சாத்திட்டால் என் வேலையும் அதோடு சாத்தின மாதிரிதான். எப்படியோ வாய் வந்தது. "கதவு... உங்க கதவப் பாக்கத்தாம்மா வந்தோம்" என்றேன்.

அவங்க கதவை மேலிருந்து கீழே பார்த்தாங்க. உள்ளே போய்த் தெலுங்கில் யாரிடமோ என்னமோ சொல்லி, ஈரத்துணியோடு வந்து கிளி மூக்கில் இருந்த தூசியைத் துடைத்தாங்க. காபி வந்தது. எனக்கும் சேர்த்து, நாற்காலி போட்டு. நாங்க வெளியே வரும்போது வீட்டம்மா சொன்னாங்க: "கலியாணமாகி வந்த நாள்ல இருந்து இதத் திறக்கேன், மூடுதேன். பாக்கணும்னு எனக்கே தோணலயே தாயி."

அணிலின் வால்

வாய் வந்த தைரியத்தில் நாலு பேரைச் சுவரோவியம் பார்க்கக் கூட்டிப் போனேன். மதில் முழுக்க எங்க மலையில் இருக்கிற பெரிய சாம்பல் அணிலை வரைந்திருந்தாங்க. "இதுதான் அணில்" என்று கையைக் காட்டிவிட்டு நிமிர்ந்தால் அணிலைக் காணோம். முந்தின நாள் யாரோ காலமானதுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வரிசையாக ஒட்டியிருக்கு. மீசை வைத்த ஒரு பெரியவர் முகம், அவருக்குப் பின்னால் நீளமாக வால்.

வந்தவங்க சிரிக்கிறதா, கும்பிடுறதா என்று தெரியாமல் நின்றாங்க. எனக்கு அழுகை முட்டியது. எதிர்த்த டீக்கடை அண்ணன் பாய்லரை விட்டு இறங்கி வந்து அவங்களிடம் சொன்னார்: "அணில்தான் சார். ஒரு மழை பெய்யட்டும், பெரியவரு கிழிஞ்சிருவாரு."

நந்தவனத்தில் நேரம் போனது

மாசக் கடைசி நாள் திருச்சியில் இருந்து அக்கா தங்கச்சி ரெண்டு பேர். சாயங்கால ரயிலுக்குத் திரும்பணும். நான் சர்ச்சுக்குப் போகிறவள். கோயில் கதை கேட்டால் தடுமாறுவேன். ஆனால் ஆண்டாள் கோயில் நந்தவனத்தில் அவங்க கேட்டது செடியை. அப்பா மகாராஜபுரத்தில் தோப்புக்குத் தண்ணி பாய்ச்சினவர். எனக்கு நடக்கத் தெரியும் முன்னே பாத்தி தெரியும். துளசியில் கதிரைக் கிள்ளினால்தான் பக்கத்தில் கிளை வெடிக்கும், பிச்சிக்கு எப்போ கவாத்து, அரளிக்கு எம்புட்டுத் தண்ணி என்று ஒவ்வொரு செடியாக நின்றேன். பேசுறது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

ஆட்டோ விடுதிக்குப் பறந்து வந்தது. பையை எடுத்துக்கொண்டு ஓடும்போதே மூத்தவங்க விடுதி அக்காவிடம், "செடிக்குச் செடி நிறுத்திட்டாங்க உங்க பொண்ணு, ரயில் கிடைக்குமோ என்னமோ" என்று சொல்லிவிட்டுப் போனாங்க. அன்றைக்குத்தான் அக்கா முடிவு சொல்லுகிற நாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாங்க. "ஏட்டி, நாளைக்கு மதுரையில இருந்து ஆள் வருது. கையில ஒரு வாட்ச்சக் கட்டிக்கிட்டுப் போ."

எங்க ஊரை எனக்குக் காட்டினதும், மகளை என் பக்கத்தில் போட்டுத் தூங்க வைத்ததும் வழி தெரியாமல் வந்த வெளியூர்க்காரங்கதான், அவங்க நல்லா இருக்கணும், ஆனாலும் கூச்சம் முழுசாப் போயிருச்சான்னு கேட்டீங்கன்னா, செத்த இருங்க, அக்கா கூப்பிடுறாங்க, வாசலில் வேனில் பன்னிரண்டு பேர் இறங்கி நிக்காகளாம், நான் போய் முதல்ல...