இடது பக்கம் குறைந்த சத்தம்

திருவானைக்காவலில் வீட்டிலிருந்தே ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். போன ஆடியில் ஒரு நாள் காலை, என் பழைய ஹெட்போனில் இடது பக்கச் சத்தம் திடீரெனக் குறைந்துவிட்டது. கணவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, “அதுவும் எத்தனை வருஷம்தான் உழைக்கும்? தூக்கிப் போடு” என்றார்.

எனக்கு மனசு வரவில்லை. ஹெட்போனின் உள்வலையைத் துடைத்தேன், வயரை மாற்றினேன். கடைசியில் கம்ப்யூட்டர் செட்டிங்கில் இடது பக்கத்தை முழுக்க ஏற்றி, வலது பக்கத்தை இறக்கினேன். இரண்டும் சமமாகக் கேட்டது. எனக்கோ ஒரே பெருமை! ஒரு மாதம் அப்படியே பாடம் நடத்தினேன்.

பிறகொரு நாள் அதே கம்ப்யூட்டரில் கிரிக்கெட் பார்க்க அதை மாட்டிய கணவர் பதறிக் கழற்றினார். “என்ன இது, லெஃப்ட்ல காதைக் கிழிக்குது! ரைட்ல ஒண்ணுமே வரலையே?”

செட்டிங்கைப் பழையபடி வைத்துவிட்டு, ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டினேன். அப்போதும் என் இடது காதில்தான் சத்தம் குறைந்தது.

தில்லைநகரில் காது டாக்டர் பார்த்தார். “காது நரம்பு பாதிச்சிருக்குங்க. சத்தம் குறைஞ்ச அன்னைக்கே வந்திருந்தா மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம். இத்தனை நாள் என்ன பண்ணீங்க?”

“வயர் மாத்தினேன் டாக்டர்” என்றேன்.

இப்போது யார் வந்து ஒரு பக்கம் சத்தம் குறைகிறது என்றாலும், முதலில் மாற்றி மாட்டிப் பார்க்கச் சொல்கிறேன். அதே காதில் குறைந்தால் அன்றே டாக்டரிடம் ஓடச் சொல்கிறேன். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் இடது ஜன்னலோரம் தேடி உட்காருகிறேன், பேசுகிறவர் வலப்பக்கம் இருக்கட்டும் என்று.

அந்த ஹெட்போனுக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை.