காசிக்கு என்று சொன்ன பயணம்

நமசிவாயம் தன் வாழ்நாளில் போன ஆகத் தூரமான இடம் திருச்சி. அதுவும் மைத்துனரின் கலியாணத்துக்கு. மற்றக் காலமெல்லாம் ஒரு காப்புறுதிக் கம்பனியின் மேசையில், அடுத்தவரின் கார் எங்கே முட்டியது, எப்படி முட்டியது என்று விசாரிப்பதிலேயே போய்விட்டது. அவரிடம் கார் இருந்ததில்லை.

ஓய்வு பெற்ற கையோடு அவருக்குச் சீனப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று மனைவி கனகேஸ்வரி சொல்லுவார். உண்மையில் அது பள்ளிக்கூட நாளிலேயே பிடித்தது. அந்தக் காலத்தில் மலிவாகக் கிடைத்த சீனப் படச் சஞ்சிகை ஒன்றில் பெருஞ்சுவரைப் பார்த்தவர், ஒருநாள் அதன்மேல் நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்த ஆசையை யாருக்கும் சொல்லாமல் தலை நரைக்கும் வரை வைத்திருந்தார். கனடாவிலிருந்து மகன், "அப்பா, எங்கையாவது ஒருக்காப் போட்டு வாங்கோ" என்று சொன்னதுதான் தாமதம், கொழும்பு வெள்ளவத்தை மாடிவீட்டின் சாப்பாட்டு மேசையில் சீனா விரிந்தது. ரசம் சட்டிக்குக்கூட இடமில்லாமல் போயிற்று.

பயணத்தை ஒழுங்குசெய்தவர் கொள்ளுப்பிட்டியில் அலுவலகம் வைத்திருந்த ராசிக். துணி வியாபாரிகளைக் குவாங்சோவுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது அவர் தொழில். ஊர் பார்க்கவென்றே ஒருவர் வந்தது அவருக்கே புதினமாக இருந்தது.

"மொதல்ல பெய்ஜிங் சேர். அங்கெருந்து ரெயில்ல சியான். பொறகு ஷாங்காய். கடசியா குவாங்சோ. மரக்கறிச் சாப்பாடும் ஈக்கி, பயப்பட வாணாம்."

சியானை விட்டுவிட்டு ஏரிக்கரை நகரமான ஹாங்சோவுக்குப் போகலாமா என்று நமசிவாயம் ஒரு கிழமை மண்டையைப் போட்டு உடைத்தார். கடைசியில் சியானில் மண்ணால் செய்துவைத்த போர்வீரர்கள் வென்றார்கள். பெய்ஜிங் வரைபடத்தில் அரண்மனை, ரயில் நிலையம், தங்கும் விடுதி எல்லாவற்றையும் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டார். அந்த நேரங்களில் மனுசன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வராது.

ஆனால் அது 2008ஆம் ஆண்டு. போர் நடந்த வன்னியில் செல் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. அவருடைய சொந்தத் தங்கை கிளிநொச்சியில் பிள்ளைகளோடு பதுங்குகுழிக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். அந்த மாடிவீடுகளில் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் தொலைபேசிக்காகக் காத்திருந்த சனம்தான்.

"சீனாவுக்கு ஊர் பாக்கப் போறியள் எண்டு நான் ஆருக்குச் சொல்லுறது?" என்றார் மூட்டு வலியால் பயணத்துக்கு வரமாட்டேன் என்றுவிட்ட கனகேஸ்வரி. "கேட்டா, காசிக்குப் போறார் எண்டு சொல்லுவம்."

நமசிவாயம் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. பெரிய பாரம் ஒன்று இறங்கியது போலத்தான் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்துப் பிறகு அவர் கூசினார்.

காசிக்குப் போகிறவர் என்றதும் அவருக்கு ஒரு தனி மரியாதை வந்துவிட்டது. படியில் கண்டவர்கள் வழிவிட்டார்கள். இதைக்கூடத் தாங்கியிருப்பார். ஆனால் ஒரு பின்னேரம் கீழ்மாடி நாகமணி வந்து கதவைத் தட்டினாள்.

நாகமணி யாழ்ப்பாணத்துக்காரி. புருஷனைப் புற்றுநோய் வைத்தியத்துக்காகக் கப்பலில் திருகோணமலை வழியாகக் கொண்டுவந்து, கொழும்பிலேயே பறிகொடுத்தவள். அந்தியேட்டிச் சடங்கைச் செய்து, சாம்பலை முகத்துவாரத்துக் கடலில் கரைத்தாள். ஆனாலும் ஒரு பிடி சாம்பலைத் தனியே எடுத்து, சின்ன மண் முட்டி ஒன்றில் போட்டு வைத்திருந்தாள். அதை ஊரிலுள்ள கீரிமலைத் தீர்த்தத்தில் கரைக்க வேண்டும் என்பது அவள் வைராக்கியம். யாழ்ப்பாணத்துக்கான பாதை பூட்டியிருந்தது, கீரிமலையோ ஆமிக்காரரின் வேலிக்குள் இருந்தது.

"அண்ணை, கீரிமலை எங்களுக்கு இனிக் கிடைக்குமோ தெரியாது. இதைக் கங்கையிலை விட்டுவிடுங்கோ. அவர் குடுத்துவைச்சவர்" என்று, வெள்ளைத் துணியில் கட்டிய முட்டியை இரண்டு கையாலும் நீட்டினாள்.

இப்போது சொல்லு, இப்போது சொல்லு என்று நமசிவாயத்தின் நெஞ்சு அடித்தது. கைகள் முட்டியை வாங்கிவிட்டன. சாமிப்படத்தின் கீழே வைத்தார். அதன் பிறகு வரைபடத்தை விரிக்க மனம் வரவில்லை. வரைபடத்தில் எந்த ஆற்றைப் பார்த்தாலும் அவருக்கு உடம்பு கூசியது.

பயணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலில் நமசிவாயத்தின் பெயருக்கு அர்ச்சனை செய்ய வேண்டும் என்று நாகமணி பிடிவாதம் பிடித்தாள். இருவரும் பஸ் ஏறினார்கள். கோயிலுக்குப் பிறகு ராசிக்கிடம் போகும் யோசனையில் அவர் பெய்ஜிங் வரைபடத்தையும் பைக்குள் வைத்திருந்தார். போர்க்காலக் கொழும்பில் ஒரு தமிழன் நகர வரைபடத்தில் சிவப்பு வட்டங்கள் போட்டுப் பையில் கொண்டு திரிவதென்றால், அது எப்பேர்ப்பட்ட மடத்தனம்.

பாலத்தடிச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் பையைத் துழாவி வரைபடத்தை வெளியே எடுத்தான். வட்டங்களைப் பார்த்தான். துவக்கைத் தோளில் சரிசெய்துகொண்டான்.

"மே மொகக்த?"

இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். "சீனெட யனவா மஹத்தயா. ட்ரிப் எகக்" என்றார். சீனாவுக்குப் போகிறேன், சுற்றுலா. பெருஞ்சுவர்ப் படம் போட்ட ராசிக்கின் காகிதத்தையும் எடுத்து நீட்டினார். பெய்ஜிங், சியான், ஷாங்காய் என்று ஊர் ஊராக ஒப்புவித்தார். அயலுக்கெல்லாம் மறைத்த உண்மையைத் துவக்கு வைத்திருந்தவனுக்கு மட்டும் ஒன்று விடாமல் சொன்னார். பக்கத்தில் நாகமணி நின்றாள். அவளுக்குச் சிங்களம் அரைகுறைதான். ஆனால் படம் தெரிந்தது. ஊர்ப் பெயர்கள் கேட்டன.

சிப்பாய் நம்பாமல் அவள் பக்கம் திரும்பி உண்மையா என்று கேட்டான். நமசிவாயத்துக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது.

"ஒவ், எத்த" என்றாள் நாகமணி, ஓம், உண்மைதான் என்று. "சீனெட."

விட்டுவிட்டார்கள். சன்னிதியில் நாகமணி ஐயரிடம் அவர் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, பயணம் சுகமாய் முடியவேண்டும் என்று அர்ச்சனை செய்வித்தாள். நமசிவாயம் கையைக் கூப்பியபடி தலையைக் குனிந்து நின்றார். ராசிக்கிடம் போகாமல் அவளோடேயே திரும்பினார்.

அன்று பின்னேரம் முட்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். மன்னிப்பு என்ற சொல்லைப் படியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனவர், கதவு திறந்ததும் முட்டியை மட்டும் நீட்டினார். அவள் வாங்கி, எந்த இடத்திலிருந்து எடுத்தாளோ அந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு உள்ளே போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள்.

"பருத்தித்துறை வடை. கிழமைக் கணக்கிலை பழுதாகாது. அங்கை சைவச் சாப்பாடு எப்பிடியோ தெரியாது."

"பிள்ளை, நான்..."

"நீங்கள் போட்டு வாங்கோ அண்ணை. வயசு போனாப் பிறகு சுவரிலை ஏற ஏலாது." கதவின் கொழுக்கியைப் பிடித்தபடி குரலைத் தாழ்த்தினாள். "மற்றவை கேட்டா, காசிக்குத்தான் எண்டு நானும் சொல்லிவிடுறன்."

வேண்டாம், உண்மையையே சொல்லுங்கோ என்று சொல்லத்தான் நமசிவாயம் வாயைத் திறந்தார்.

"ஓம் பிள்ளை. அப்பிடியே சொல்லிவிடுங்கோ" என்றுதான் வந்தது.