பச்சை ஒட்டுப் போட்ட சட்டை

எண்பத்திரண்டில் காளவாசல் பக்கம் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று எழும்பியபோது அங்கே ஒன்பது பெண்கள் சித்தாள் வேலை பார்த்தார்கள். ஒன்பது பேரும் சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டிருந்தார்கள். பின்னே, கட்டடத்துக்காரன் சித்தாளுக்குக் கையுறையும் தொப்பியுமா வாங்கிக் கொடுப்பான்? தலைக்குச் சும்மாடு, விரலுக்குச் சைக்கிள் டியூபை நறுக்கிய வளையம், உடம்புக்குப் புருஷன் போட்டுக் கழித்த சட்டை. சிமெண்டுப் பால் வழிந்தால் சட்டையோடு போகும். குனிந்து நிமிரும்போது கண்டவன் கண்ணும் மேயாது.

ஒச்சம்மாளின் சட்டைக்கு மட்டும் ஒரு கதை உண்டு. "எங்க வீட்டுக்காரரு பம்பாயில இருந்து அனுப்புனது" என்பாள். எழுமலையில் தாலி கட்டிய ஆறாம் மாதமே பம்பாய் போனவன் அவள் புருஷன் சுருளி. வருஷம் எட்டாகிவிட்டது. கடுதாசி இல்லை, ஆள் மூலம் ஒரு சொல் இல்லை. இருக்கிறானா செத்தானா என்பது அந்தச் சாமிக்கே வெளிச்சம்.

பழங்காநத்தத்தில் ஒற்றை அறையில் தனியாகக் கிடந்தாள். புருஷன் இல்லை என்று தெரிந்தால் மேஸ்திரியிலிருந்து செங்கல் லாரிக்காரன் வரை வாலாட்டுவான். அதனால் பழைய துணிக்கடைக்குப் போய்ச் சட்டை வாங்குவாள். தோள் அளவு, கை நீளம் எல்லாம் பார்த்து, சுருளிக்குச் சேருமா என்று யோசித்துத்தான் எடுப்பாள். பைத்தியக்காரி! போட்டுக்கொள்ளப் போவது அவள்தானே? சாயங்காலம் அதைத் துவைத்து, தெருவில் போகிறவர்கள் பார்க்க வாசல் கொடியில் காயப்போடுவாள். வீட்டில் ஆம்பளை உண்டு என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

அந்த ஐப்பசியில் விருமாண்டி கொத்தனார் புதிதாக வேலைக்கு வந்தார். டீ குடிக்கிற நேரம். ஒச்சம்மாள் குனிந்து கலவைச் சட்டியை ஓரமாக வைத்தாள். மனுஷன் அவள் முதுகைப் பார்த்துவிட்டு வெள்ளந்தியாக வாயைத் திறந்தார்.

"அட, இது என் சட்டையாச்சே! இஸ்திரிப் பெட்டிக் கங்கு விழுந்து ஓட்டையாயி, என் சம்சாரம் பச்சைத் துணி வச்சு ஒட்டுப் போட்டதாச்சே!"

கூட வேலை பார்க்கிற பாண்டியம்மாள் டீக் கிளாஸைக் கீழே வைத்தாள். "ஏண்டி ஒச்சு, பம்பாய்ச் சட்டைன்ன? கொத்தனாரு எப்படி பம்பாய் போனாரு?"

கொல்லென்று சிரிப்பு. விருமாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. சட்டை எப்படி வீட்டை விட்டுப் போனது என்று அவருக்கே சட்டென்று நினைவு வரவில்லை. "தாயி, நான் ஒண்ணும்..." என்று திணறினார். அவர் திணறத் திணறச் சிரிப்பு கூடியது.

ஒச்சம்மாள் நிமிர்ந்தாள். பேசாமல் இருந்தால் கொத்தனாரோடு சேர்த்துப் பேர் கெடும். நாளைக்கே அவர் சம்சாரம் விளக்குமாற்றோடு வந்து நிற்பாள். உண்மையைச் சொன்னால் எட்டு வருஷமாகக் கட்டிக் காத்த புருஷன் போய்விடுவான். ஆனாலும் இன்னொருத்தி குடியைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"அண்ணன் மேல குத்தமில்ல. பழைய துணிக்கடையில வாங்குனேன். இதுக்கு முன்னால போட்டதெல்லாம் அங்கிட்டு வாங்குனதுதான். எங்க வீட்டுக்காரரு போயி எட்டு வருசமாச்சு. ஒரு கந்தத்துணிகூட வரல."

விருமாண்டி தொடையைத் தட்டினார். "ஆமா! போன மாசம் என் சம்சாரம் பாத்திரக்காரன்கிட்டப் பழந்துணியெல்லாம் போட்டு எவர்சில்வர் தூக்கு வாங்குனா!" அவர் குடும்பம் தப்பித்தது.

பாண்டியம்மாள் தன் டீயில் பாதியை ஒச்சம்மாளுக்கு ஊற்றினாள். "தீவாளிக்கு வாராரு, பொங்கலுக்கு வாராருன்னு இம்புட்டு நாளாச் சொன்னியேடி" என்றாள். குரலில் கேலி இல்லை. ஒச்சம்மாளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சொல்லிச் சொல்லிப் பாதியை அவளே நம்பியிருந்தாள். இனி பொங்கலுக்கு வர யாருமில்லை.

சாயங்காலம் வழக்கம்போலச் சட்டையைத் துவைத்துக் கொடிக்கு வந்தாள். பக்கத்து வீட்டுச் சோணையம்மாள் கேட்டாள்: "என்ன ஒச்சம்மா, வீட்டுக்காரரு சட்டையா?"

"என் சட்டைதாங்க்கா."

சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு, எட்டு வருஷத்தில் முதல்முறையாக, மூலையில் கிடந்த அம்மிக்கல்லை இழுத்து வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.